உங்கள் பீக்கனைப் பதிந்துவிட்டீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். பீக்கன் என்றால், ஆபத்து நேரும்போது சிக்னல் அனுப்பி உதவி கேட்கும் கருவி. விமானங்களிலும் படகுகளிலும் வைத்திருப்பார்கள்.

1982 செப்டம்பர் 10. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மலைக்காட்டில் ஒரு சிறிய செஸ்னா விமானம் விழுந்து கிடந்தது. உள்ளே மூன்று பேர். விமானத்தில் இருந்த அபாய பீக்கனின் சிக்னலைப் பிடித்தது சோவியத் யூனியனின் காஸ்மோஸ் 1383 செயற்கைக்கோள். அந்த ஜூன் கடைசியில்தான் அதை ஏவியிருந்தார்கள். மூவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். பனிப்போர் காலம் அது. அப்போதே அமெரிக்கா, கனடா, பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் கைகோத்து அமைத்த செயற்கைக்கோள் மீட்பு ஏற்பாடு காஸ்பாஸ்-சார்சாட். மனிதர்கள் சேர்ந்து செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

பீக்கன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? ரயில் நெருங்கும்போது ஹாரனின் சுருதி உயர்ந்து கேட்கும், நம்மைத் தாண்டியதும் இறங்கிவிடும் இல்லையா? செயற்கைக்கோள் தலைக்கு மேலே கடக்கும்போது பீக்கனின் அலைவரிசையும் அப்படித்தான் மாறுகிறது. அந்த மாற்றத்தை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். இப்போது பல பீக்கன்களுக்குள்ளேயே ஜிபிஎஸ் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பீக்கன்கள் 121.5 மெகாஹெர்ட்ஸில் வெறும் ஒலியை மட்டும் அனுப்பின. கூப்பிடுவது யார் என்று தெரியாது. 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கவனிப்பதில்லை. இன்றைய 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் எண்ணைச் சேர்த்து அனுப்புகிறது.

ஆனால் அந்த எண்ணை உங்கள் பெயர், போன் எண்ணோடு பதியாமல் விட்டால், வெறும் எண்ணாகவே நிற்கும்! எனக்குப் பெரிய கவலை இதுதான். பதிந்திருந்தால், சிக்னல் வந்ததும் மீட்பு மையம் உங்கள் வீட்டுக்குப் போன் செய்யும். படகில் எத்தனை பேர், என்ன நிறம், எந்தப் பக்கம் போனார்கள் என்று வீட்டார் சொல்வார்கள். தேடிப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! வருகிற சிக்னல்களில் பெரும்பாலானவை தவறுதலாக வந்தவை. அவற்றையும் ஒரு போன் காலிலேயே தெரிந்துகொள்ளலாம். பதியாத பீக்கன் என்றால் விசாரிக்க ஆளே இல்லை.

இந்தியாவில் இந்தப் பதிவைப் பார்த்துக்கொள்வது பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் மையம். படகை விற்றாலும், போன் எண் மாறினாலும் அங்கே தெரியப்படுத்துங்கள். அப்புறம், கடலில் இருக்கும்போது பீக்கன் தெரியாமல் இயங்கிவிட்டால், அணைத்துவிட்டுப் பேசாமல் இருக்காதீர்கள். உடனே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். உங்களைத் தேடிப் புறப்படும் கப்பல், வேறு யாரையாவது காப்பாற்றத் தேவைப்படலாம்.