121 தோல்விக்குப் பிறகு ஒரு அணியை எப்படிக் கட்டுவது? ஒயிட் சாக்ஸ் இனி யாரையும் விற்கக் கூடாது!

162 ஆட்டம். 121 தோல்வி. 1900-க்குப் பிறகு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்றதில்லை. நடுவில் 21 ஆட்டங்களில் தொடர்ந்து தோல்வி வேறு. 2024-இல் இந்தச் சாதனையைத் தலையில் கட்டிக்கொண்ட அணி சிகாகோ ஒயிட் சாக்ஸ். அதுதான் என் அணி.

இதே அணி அதே வருடக் கடைசியில் வெறும் ஒரு லட்சம் டாலருக்கு ஒரு பிட்சரை, அதாவது பந்து வீசுபவரை, வாங்கியது. அடுத்த ஜூலையில் அவர் ஆல்-ஸ்டார், அதாவது அந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர்! அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இந்த வீடியோ. அந்த அணியை இனி எப்படிக் கட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதமான கருத்தும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

[திரையில்: 2005 உலகத் தொடர், சிகாகோ 4 - ஹூஸ்டன் 0]

முதலில் பழைய கதை, வேகமாக. ஒயிட் சாக்ஸ் கடைசியாகக் கோப்பை வென்றது 2005-இல், அதுவும் 88 வருடம் காத்திருந்து. அந்த இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த கூட்டத்தில் ஒரு பாதிரியார் உட்கார்ந்திருந்தார். அவர்தான் இன்றைய போப், பதினான்காம் லியோ! 2025-இல் அவர் போப் ஆனதும் பழைய ஒளிபரப்பைத் தோண்டியெடுத்துக் காட்டினார்கள், மனிதர் பதற்றமாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் உட்கார்ந்த பகுதியில் அணி அவர் படத்தையே வரைந்து வைத்துவிட்டது. எனக்கு இதைச் சொல்லச் சொல்லச் சலிக்காது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஐபிஎல் போல எல்லா அணியையும் கலைத்துப் போட்டு மறுபடி ஏலம் விடும் வழக்கம் பேஸ்பாலில் கிடையாது. ஒரு அணி விழுந்தால் எழுவதற்குப் பல வருடம் ஆகும். பொதுவாகச் செய்வது இதுதான்: கையில் இருக்கும் நட்சத்திரத்தை இன்னொரு அணிக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக மைனர் லீக்கில் (மேஜர் லீக்குக்குக் கீழே இளைஞர்கள் ஆடி வளரும் இடம்) ஆடும் மூன்று நான்கு இளைஞர்களை வாங்குவது. அவர்கள் வளரும்வரை பொறுத்திருப்பது.

ஒயிட் சாக்ஸ் இதை ஏற்கெனவே ஒருமுறை செய்தாகிவிட்டது. 2016 டிசம்பரில் பிட்சர் கிறிஸ் சேலை பாஸ்டனுக்கு அனுப்பி யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உட்பட நான்கு பேரை வாங்கினார்கள். அடுத்த வருடம் ஹோசே கின்டானாவை ஊரின் மறுபக்கத்து கப்ஸ் அணிக்குக் கொடுத்து ஏலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் வாங்கினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், நானும்தான். 2021-இல் 93 வெற்றி, டிவிஷனில் முதலிடம். பிளேஆஃபில் ஹூஸ்டன் அடித்து அனுப்பியது. 2022-இல் 81 வெற்றி, 81 தோல்வி. 2023-இல் 101 தோல்வி. அதற்கடுத்து வந்ததுதான் அந்த 121.

என்ன தவறு நடந்தது? காயங்கள் காரணம் என்பார்கள். உண்மைதான், ஹிமெனெஸ் மாதக்கணக்கில் ஆடவில்லை, கோபெக்குக்கு முழங்கையில் அறுவை சிகிச்சை. ஆனால் காயம் எந்த அணிக்குத்தான் இல்லை? எட்டுப் பத்து நல்ல ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று நிர்வாகம் நினைத்துவிட்டது. அவர்களுக்குப் பின்னால் நிற்க ஆள் இல்லை, வெளியிலிருந்து பெரிய ஆளை வாங்கப் பணமும் எடுக்கவில்லை. ஒயிட் சாக்ஸ் வரலாற்றிலேயே மிகப் பெரிய ஒப்பந்தம் எவ்வளவு தெரியுமா? ஆண்ட்ரூ பெனின்டென்டிக்குக் கொடுத்த 75 மில்லியன் டாலர், ஐந்து வருடத்துக்கு. அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்து அணி இது!

இப்போது அந்த ஒரு லட்சம் டாலர் கதை. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

[திரையில்: ரூல் 5 டிராஃப்ட்]

பெரிய அணிகள் நல்ல இளைஞர்களை மைனர் லீக்கிலேயே வருடக்கணக்கில் அடைத்து வைத்துவிட முடியும். அதைத் தடுக்க வந்த ஏற்பாடுதான் ரூல் 5 டிராஃப்ட். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. ஒரு இளைஞன் நான்கைந்து வருடம் மைனர் லீக்கில் ஆடியும் அந்தப் பட்டியலில் அவன் பெயரைச் சேர்க்கவில்லை என்றால், டிசம்பரில் வேறு எந்த அணியும் அவனைத் தூக்கிக்கொள்ளலாம். விலை ஒரு லட்சம் டாலர். சொந்த அணி மறுக்க முடியாது.

ஆனால் ஒரு நிபந்தனை. தூக்கிய அணி அவனை அடுத்த சீசன் முழுவதும் 26 பேர் கொண்ட மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். மைனருக்கு அனுப்ப முடியாது. வேண்டாம் என்றால் பழைய அணிக்குப் பாதி விலைக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் அழகைப் பாருங்கள். கோப்பைக்குப் போராடும் அணியால் அனுபவமில்லாத ஒருவனுக்காக 26-இல் ஓர் இடத்தை வீணாக்க முடியாது. 121 முறை தோற்ற அணிக்கு என்ன கவலை? போட்டு ஆடவைத்துப் பார்க்கலாம். தோற்கும் அணிக்கு மட்டுமே கிடைக்கிற சலுகை இது. தேர்வு வரிசையிலும் அவர்களுக்கே முதலிடம்.

அப்படித்தான் 2024 டிசம்பரில் ஒயிட் சாக்ஸ் மில்வாக்கியிடமிருந்து ஷேன் ஸ்மித்தை எடுத்தது. புது இளைஞர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் வழக்கமான டிராஃப்ட் வேறு; 2021-இல் அதில் சுமார் 600 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் அவர் பெயர் இல்லை. எந்த அணியும் எடுக்காததால் மில்வாக்கியில் சாதாரண ஒப்பந்தத்தில் சேர்ந்தவர். சிகாகோ அவரை நேராக ஸ்டார்ட்டிங் பிட்சராக, அதாவது ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து பந்து வீசுபவராக, இறக்கியது. சீசன் முழுக்க ஆடி 3.81 என்ற ஈஆர்ஏவில் முடித்தார், அதாவது ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்குச் சராசரியாக நாலு ரன்கூடக் கொடுக்கவில்லை. 2025 ஆல்-ஸ்டார் அணியிலும் இடம். ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவரையாவது எடுத்தாக வேண்டும் என்பது விதி, இருந்தாலும் அந்த ஒருவர் இவர்தான்.

இன்னொருவர் மைக் வாசில். அவரும் அதே ரூல் 5-இல் வந்தவர், ஆனால் எடுத்த அணியே வைத்துக்கொள்ளவில்லை. கை மாறிக் கை மாறி, சீசன் தொடங்கும் நேரத்தில் சிகாகோவுக்கு வந்து சேர்ந்தார். 101 இன்னிங்ஸ், 2.50 ஈஆர்ஏ! யாருக்கும் வேண்டாத இரண்டு பேர், அணியின் பாரத்தைச் சுமந்தார்கள். இந்த விதியின் அருமை இன்னும் தெரிய வேண்டுமா? 1954-இல் புரூக்லின் டாட்ஜர்ஸ் இப்படி ஒரு டிராஃப்டில் பறிகொடுத்த இளைஞன் ராபர்டோ கிளெமென்டே. பிட்ஸ்பர்க்குக்காக 3000 ஹிட் அடித்து ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்.

வளர்க்கவும் இவர்களுக்கு இப்போது தெரிந்திருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஃபீல்டர்) கோல்சன் மான்ட்கோமரி 2025 ஏப்ரலில் மைனர் லீக்கிலேயே பந்தைத் தொட முடியாமல் திணறினார். அவரை ஆட்டத்திலிருந்து விலக்கி அரிசோனா பயிற்சி மையத்துக்கு அனுப்பி, ஸ்விங்கைச் சரிசெய்து கூட்டி வந்தார்கள். ஜூலையில் மேஜர் லீக்குக்கு வந்தவர் 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன்! அணி அந்த வருடம் 60 ஆட்டத்தில் வென்றது. முந்தைய வருடத்தைவிட 19 அதிகம்.

வழக்கமான டிராஃப்டில் எந்த அணி முதலில் எடுக்கும் என்று குலுக்கிப் பார்க்கும் டிராஃப்ட் லாட்டரி பற்றி ஒரே வரி: 121 தோல்வி கண்டும் விதி காரணமாக 2025-இல் பத்தாவது இடம்தான் கிடைத்தது, 2026-க்கு முதல் இடமே விழுந்திருக்கிறது.

இப்போது என் கருத்து. 2024 டிசம்பரில் பிட்சர் காரெட் குரோஷேவை பாஸ்டனுக்கு அனுப்பி கேட்சர் கைல் டீல் உட்பட நான்கு பேரை வாங்கினார்கள். எட்டு வருடம் கழித்து அதே பாஸ்டன், அதே டிசம்பர், அதே இடதுகை பிட்சர் வியாபாரம்! அதைக்கூட நான் ஏற்கிறேன், டீல் நன்றாக ஆடுகிறார். ஆனால் பாஸ்டன் என்ன செய்தது? சில மாதத்திலேயே குரோஷேவுக்கு ஆறு வருடம், 170 மில்லியன். அவர் 2025-இல் 255 ஸ்டிரைக்அவுட் (பேட்டரை மூன்று ஸ்டிரைக்கில் வெளியேற்றுவது) எடுத்து லீக்கில் முதலிடம் பிடித்தார். நாம் வளர்த்தோம், அவர்கள் பணம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

2026 ஜனவரியில் லூயிஸ் ராபர்ட்டும் நியூயார்க் மெட்ஸுக்குப் போனார். போகட்டும். அத்தோடு நிறுத்த வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஒரு ஆட்டக்காரன் மேஜர் லீக்குக்கு வந்து ஆறு வருடம் ஆனால் சுதந்திரமாகப் போகலாம். நான்காவது வருடம் வந்ததும் "போய்விடுவான், விற்றுவிடு" என்று நிர்வாகம் கணக்குப் போட ஆரம்பித்தால், அணி என்றைக்கும் நான்கு வருடத்துக்கு மேல் வளராது. ரசிகன் வாங்கிய ஜெர்சியில் இருக்கும் பெயர் ஒவ்வொரு முறையும் வேறு ஊரில் ஆடிக்கொண்டிருக்கும்.

ஜப்பானில் ஒரே சீசனில் 56 ஹோம் ரன் அடித்த முனேடாகா முராகாமியை 2025 டிசம்பரில் இரண்டு வருடத்துக்கு, 34 மில்லியனுக்கு வாங்கியது எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டிரைக்அவுட் அதிகம் ஆகிறார் என்று மற்ற அணிகள் தயங்கின, இவர்கள் துணிந்தார்கள். ஆனால் அவர் நன்றாக ஆடினால் ஜூலையில் விற்றுவிடக் கூடாது. உட்காரவைத்துப் பேசி ஒப்பந்தத்தை நீட்ட வேண்டும்.

உரிமையாளர் ஜெர்ரி ரெயின்ஸ்டார்ஃபிடமிருந்து ஜஸ்டின் இஷ்பியாவுக்கு அணி கைமாற ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் 2029-க்கு முன் நடக்காது. அதுவரை காத்திருக்க மான்ட்கோமரிக்கு வயது நிற்காது. நான் நிர்வாகத்தில் இருந்தால் முதல் கையெழுத்து அவருடையது, எட்டு வருடத்துக்கு. அடுத்தது டீல். 75 மில்லியன் என்ற அந்தப் பழைய உச்சம் அங்கேயே உடைய வேண்டும். மிச்சப் பணத்தில் இரண்டு அனுபவமுள்ள ஸ்டார்ட்டிங் பிட்சர், ஷேன் ஸ்மித்துக்குத் துணையாக.

நீங்கள் யாருக்கு முதலில் கையெழுத்துப் போடுவீர்கள்? மான்ட்கோமரியா, டீலா, முராகாமியா? காரணத்தோடு கமெண்டில் எழுதுங்கள், ஒவ்வொன்றையும் படிப்பேன். அடுத்த வீடியோவில் கொலராடோ ராக்கீஸ், 2025-இல் 119 தோல்வி. அவர்களைக் கட்டுவது இதைவிடக் கடினம்.