பனி இல்லைன்னா சேலம் தெரியும்: இங்கிலீஷ் ‘இஃப்’ வாக்கியத்துல ‘வேர்’ ஏன் வருது?

(காட்சி: ஏற்காடு, லேடீஸ் சீட். கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைப் பனி மட்டும்.)

அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம், அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவு. இவ்வளவும் ஏறி வந்து நிக்கறேன். எனக்கு நேர் கீழ சேலம் இருக்கு, ஆனா கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. பக்கத்துல ஒரு அம்மா தன் பையன்கிட்ட சொல்றாங்க: “பனி இல்லைன்னா சேலம் தெரியும்டா.”

நேத்து ராத்திரி இங்க இருக்கற அக்காவும் ஃபோன்ல இதையேதான் சொன்னாங்க. “கிளம்பி வா, பனி இல்லைன்னா சேலம் தெரியும்.”

ரெண்டும் ஒரே வாக்கியம். ஆனா அக்கா சொன்னப்ப, காலையில பனி இருக்குமா இருக்காதான்னு யாருக்கும் தெரியாது. இந்த அம்மா சொல்றப்ப பனி முகத்துல வந்து மோதுது. தமிழ் இதைப் பிரிச்சுக் காட்டறதில்ல, கேக்கறவங்க இடம் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்க. இங்கிலீஷ் அப்படி விடாது. நடக்கக்கூடியதைச் சொல்றியா, இல்லாததை நினைச்சுச் சொல்றியான்னு வினைச்சொல்லுலயே காட்டச் சொல்லும்.

(திரையில் இரண்டு வரிகள், ஒன்றன் கீழ் ஒன்று.)

அக்கா சொன்னது: “இஃப் தேர் இஸ் நோ மிஸ்ட், யூ வில் சீ சேலம்.”
அம்மா சொன்னது: “இஃப் தேர் வேர் நோ மிஸ்ட், யூ வுட் சீ சேலம்.”

‘இஸ்’ போய் ‘வேர்’ வந்துச்சு, ‘வில்’ போய் ‘வுட்’ வந்துச்சு. அவ்வளவுதான் மாற்றம். இந்த ‘வேர்’தான் சப்ஜங்க்டிவ், அதாவது இல்லாததை நினைச்சுச் சொல்றப்ப வர்ற வினை வடிவம். பேரைக் கேட்டே பலபேர் பயந்துடறாங்க.

பொதுவா வர்ற சந்தேகம்: “பேசறது இப்போ நடக்கறதைப் பத்தி. அப்புறம் எதுக்கு இறந்தகாலச் சொல்?” நியாயமான கேள்விதான். பதில் நம்ம வாயிலயே இருக்கு. ‘வா’ங்கற வினையை நிபந்தனையா மாத்துங்க. ‘வந்தால்’. ‘வருவால்’னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கோமா? நாளைக்கு வர்றதைச் சொல்றப்பகூட ‘வந்தால்’தான். உள்ள இருக்கற ‘ந்த்’ இறந்தகாலம். படித்தால், போனால், பெய்தால், எல்லாமே அப்படித்தான். கையில இல்லாத ஒண்ணைப் பேச ரெண்டு மொழியுமே இறந்தகாலத்துக்கிட்ட போய் நிக்குது. எனக்கு இது இன்னிக்கும் ஆச்சரியமா இருக்கு. இதைச் சொல்லாம ‘டைப் ஒன், டைப் டூ’ன்னு அட்டவணையை மட்டும் மனப்பாடம் பண்ண வைக்கறது பிள்ளைங்களுக்குச் செய்யற அநியாயம்.

சரி, ‘ஐ’க்கு அப்புறம் ‘வாஸ்’தானே வரணும்? பழைய இங்கிலீஷ்ல நடந்ததைச் சொல்ல ஒரு வடிவம், நினைப்பைச் சொல்ல வேற ஒரு வடிவம்னு வினைகளுக்குத் தனித்தனியா இருந்துச்சு. காலப்போக்குல மத்த வினைகளோட இறந்தகால வடிவத்துல அந்த வித்தியாசம் தேஞ்சு போச்சு. ‘இஸ், வாஸ், வேர்’ எல்லாம் அடங்கின ‘பி’ங்கற வினையில மட்டும், ‘ஐ, ஹீ, ஷீ, இட்’ கூட வர்ற ‘வேர்’ல அது தங்கிடுச்சு. “நான் உன் இடத்துல இருந்தா முதல் பஸ்ஸைப் பிடிப்பேன்” – “இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் டேக் த ஃபர்ஸ்ட் பஸ்.” இந்த இடத்துல பேச்சுல ‘வாஸ்’ சொல்றவங்க நிறைய பேர் இருக்காங்க. பரீட்சையில, எழுத்துல ‘வேர்’ போடுங்க.

அடுத்தது முடிஞ்சு போன கதை. “முதல் பஸ்ஸைப் பிடிச்சிருந்தா சேலத்தைப் பார்த்திருப்பேன்.”

(திரையில்: “இஃப் ஐ ஹேட் காட் த ஃபர்ஸ்ட் பஸ், ஐ வுட் ஹேவ் சீன் சேலம்.”)

பிடிச்சிருந்தா – ‘ஹேட் காட்’. பார்த்திருப்பேன் – ‘வுட் ஹேவ் சீன்’. துண்டுக்குத் துண்டு பொருந்துது. மாதிரி இன்டர்வியூல அடிக்கடி காதுல விழற தப்பு இங்கதான் வருது: “இஃப் ஐ வுட் ஹேவ் ஸ்டடீட்.” தமிழ்ல சொல்லிப் பாருங்க. ‘படிச்சிருந்தா’ன்னுதானே வரும்? ‘இருப்பேன்’ நிபந்தனைப் பக்கம் வராது, ‘வுட்’டும் வராது. “கொஞ்சம் காத்திருக்க முடியுமா”ன்னு மரியாதையாக் கேக்கற “இஃப் யூ வுட் வெயிட்” வேற கணக்கு, அதை இதோட குழப்பிக்க வேண்டாம்.

(காட்சி: மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்கள், கீழே காபிச் செடிகள்.)

இந்தச் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டு வந்தவர் 1820களில் சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன். அவர் கொண்டு வராம இருந்திருந்தா, இந்த மலை இன்னிக்கு வேற மாதிரி இருக்கும். “இஃப் காக்பர்ன் ஹேட் நாட் ப்ராட் காஃபி, திஸ் ஹில் வுட் லுக் டிஃபரன்ட் டுடே.” நிபந்தனை அன்னிக்கு, விளைவு இன்னிக்கு. அதனால முன்பாதியில ‘ஹேட்’, பின்பாதியில வெறும் ‘வுட்’. நாமளும் ‘இருந்திருக்கும்’னு சொல்லாம ‘இருக்கும்’னு நிறுத்திட்டோம், கவனிச்சீங்களா?

‘இஃப்’பைத் தூக்கிட்டு “ஹேட் ஐ நோன்”, “வேர் ஐ யூ”ன்னு புரட்டிப் போடறதும் உண்டு. அர்த்தம் அதேதான். படிக்கறப்ப அடையாளம் தெரிஞ்சா போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதைக் கத்துக்கிட்ட உற்சாகத்துல ‘இஃப்’ கண்ட இடமெல்லாம் ‘வேர்’ போட்டுடாதீங்க. நேத்து ஒருத்தர் ரயிலைப் பிடிக்க ஏற்காடு பஸ்ல போனார்னு வெச்சுக்குவோம். பஸ் லேட்டா இல்லையா, எனக்குத் தெரியாது, ஆனா லேட்டா இருந்திருக்கலாம். அப்போ: “இஃப் த பஸ் வாஸ் லேட் யெஸ்டர்டே, ஹீ ப்ராபப்ளி மிஸ்ட் ஹிஸ் ட்ரெயின்.” இங்க ‘வாஸ்’தான் சரி. இல்லாததை நான் கற்பனை பண்ணல, நடந்திருக்கக்கூடிய ஒண்ணை ஊகிக்கறேன்.