ராத்திரி எட்டு மணிக்கு கோழிக்கூட்டுல எனக்கு என்ன வேலை?

கேக்குதுங்களா? மெதுவாத்தான் பேசுவேன், உள்ள எல்லாம் அடைஞ்சிருச்சு. தலவாக்கலைப் பக்கம் வழக்கம்போல தூறல், பனிமூட்டம். டோர்ச் வெளிச்சத்துலயே காட்டுறேன்.

போன வீடியோவுல முட்டை கொறஞ்சது குளிராலதான்னு பெரிய ஆளாட்டம் சொன்னேன்ல? அது தப்பு. கொண்டையெல்லாம் வெளுத்திருந்திச்சு, அதையும் குளிர் தலையிலதான் போட்டேன். பகல்ல புடிச்சு எறக்கையை விரிச்சுப் பாத்தா ஒன்னுமே இல்ல. ஆனா பொழுது சாஞ்சா இந்தச் செவலை மட்டும் கூட்டுக்குள்ள வராம கொய்யா மரத்துல ஏறிக்குவா. திமிருன்னு அம்மா ஏசுவாங்க. திமிரில்லீங்க, உள்ள கடி தாங்கல.

இப்ப பாருங்க. இதுங்க உக்கார்ற கம்பு. அடிப்பக்கம், ஆணி அடிச்ச எடத்துல வெள்ளைத் துணியை வச்சு ஒரு இழு... தெரியுதா, செவப்புக் கோடு? கோழியோட ரத்தம். குடிச்சது நசுங்குனா இப்படித்தான் வரும். இதுதான் செள்ளு, ரத்தம் குடிக்கிற பொடிப் பூச்சி. பகல்ல பலகை இடுக்குல ஒளிஞ்சிக்கும், இருட்டுனாதான் கோழி மேல ஏறும். பசியில இருக்கிறப்ப சாம்பல் நெறம், குடிச்சதும் செவப்பு.

பேன் வேற. அது ராப்பகலா கோழி மேலயேதான் கெடக்கும். பின்பக்கம், பீ போற எடத்தைச் சுத்தி எறகை வெலக்குங்க. எறகோட அடியில வெள்ளையா கொத்துக் கொத்தா ஒட்டியிருந்தா அது பேன் முட்டை.

இவ காலைப் பாருங்க. செதில் எல்லாம் தூக்கிக்கிட்டு சுண்ணாம்பு அப்புன மாதிரி. வயசாயிருச்சுன்னு விட்டுறாதீங்க, செதிலுக்கு அடியில வேறொரு செள்ளு இருக்கு. மண்ணெண்ணெய் வேணாம், தோல் வெந்துரும். வெதுவெதுப்பான தண்ணில ஊறவச்சு, தொடைச்சு, வாசலின் தடவுங்க. ஒரு தடவையில ஆறாது, விடாம தடவணும்.

கூட்டுக்கு மரக்கறித் தோட்டத்து மருந்தை அடிக்கச் சொல்லி ஒருத்தர் சொன்னாரு. அடிச்சிராதீங்க, அந்த முட்டையை நாமதான் தின்னணும். நாளைக்குக் கம்பைக் கழட்டி, கொதிக்கிற தண்ணியை இடுக்கு இடுக்கா ஊத்தப் போறேன். செள்ளோட முட்டை பொரிச்சு திரும்ப வரும், அதனால அடுத்த வாரமும் ஊத்தணும். கூட்டைச் சும்மா பூட்டிப் போட்டா செத்துரும்னு நெனைக்காதீங்க, பட்டினியாவே மாசக்கணக்குல கெடக்கும்.

ஆங், இரைப்பை, கழுத்துக்குக் கீழ நெஞ்சுப் பக்கம் தீனி சேருற பை. இப்ப தொட்டா எலுமிச்சம்பழம் கணக்கா முட்டியிருக்கா? காலையில காலியாயிருக்கணும். காலையிலயும் அப்படியே இருந்தா, உள்ள எங்கயோ அடைச்சிருக்கு.

மழை மாசத்துல கூட்டுத் தரையில போட்ட மரத்தூள் ஈரமாயிட்டா குஞ்சுங்களைக் கவனிங்க. எறகைச் சிலுப்பிக்கிட்டு ஒதுங்கி நின்னு, எச்சத்துல ரத்தம் தெரிஞ்சா அன்னைக்கே மிருக வைத்தியர்கிட்ட ஓடுங்க. அதுக்கு மருந்து இருக்கு. பச்சைக் கழிச்சல், வாயைத் தொறந்து மூச்சு, கழுத்து திருகல், இதெல்லாம் சேந்து வந்தா ராணிக்கெட்டுங்கிற தொத்து நோயா இருக்கலாம். அதுக்கு மருந்தில்ல, முன்னாடியே போடுற தடுப்பூசிதான். செத்ததை ஆத்துல வீசாதீங்க, ஆழமாப் பொதைங்க.

இருங்க, முழங்கையில என்னவோ ஊருது. டோர்ச்சைக் கிட்ட... ம், அதேதான். மனுசனையும் கடிக்கும், சொல்ல மறந்துட்டேன். இந்தக் குளிர்ல குளிக்கணும். அம்மா! சுடுதண்ணி இருக்கா?