கிளிவ்டன்: விருந்தாளிகளுக்காக வாழ்ந்த மாளிகையில் ஓர் இரவு

[காட்சி: தேம்ஸ் ஆற்றின் மேலிருந்து, மரங்களுக்கு நடுவே மேட்டில் தெரியும் மாளிகை]

லண்டனுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், தேம்ஸ் ஆற்றைப் பார்த்த உயரமான மேட்டில் கிளிவ்டன் மாளிகை நிற்கிறது. இங்கிலாந்தின் பழைய நாட்டுப்புற மாளிகைகள் பலவற்றை நுழைவுச்சீட்டு வாங்கி, கயிறு கட்டித் தடுத்த அறைகளின் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப முடியும். கிளிவ்டனிலோ அறை எடுத்து இரவு தங்கலாம். இந்த மாளிகையை அறிந்துகொள்ள அதுவே சரியான வழி என்று நான் கருதுகிறேன். ஏனெனில் சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை புறப்படும் விருந்தாளிகளை உபசரிப்பதுதான், பின்னாளில் இதை வைத்திருந்த ஆஸ்டர் குடும்பத்தின் காலத்தில் இந்த வீட்டின் முதன்மையான வேலையாக இருந்தது.

[காட்சி: முகப்பு, கூரைக்குக் கீழே ஓடும் எழுத்துகள்]

இன்று நாம் பார்ப்பது இதே இடத்தில் எழுந்த மூன்றாவது மாளிகை. 17-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பக்கிங்ஹாம் கோமகன் தொடங்கிய முதல் மாளிகை 1795-இல் தீக்கிரையானது. அடுத்ததும் 1849-இல், சதர்லண்ட் கோமகன் அதை வாங்கிய அதே ஆண்டில், எரிந்துபோனது. வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பேரியிடமே அவர் புதிய மாளிகையின் பொறுப்பையும் ஒப்படைத்தார். கூரைக்குச் சற்றுக் கீழே மாளிகையைச் சுற்றி ஓடும் லத்தீன் வாசகத்தை இயற்றியவர், பின்னாளில் பிரதமரான கிளாட்ஸ்டன்.

[காட்சி: பெருங்கூடம், கணப்பு, மாடிப்படி]

உள்ளே நுழைந்தவுடன் இருண்ட மரப்பலகைகள் பதித்த பெருங்கூடம் வருகிறது. 1893-இல் மாளிகையை வாங்கிய அமெரிக்கச் செல்வர் வில்லியம் வால்டார்ஃப் ஆஸ்டரின் ரசனையை இங்கே காணலாம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கல் கணப்பும், உணவறைச் சுவர்களை மூடியிருக்கும் பொன்வேலைப் பலகைகளும் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மாடிப்படியில் ஏறும்போது அவசரப்பட வேண்டாம். கைப்பிடித் தூண்களின் உச்சியில் இந்த மாளிகையின் வரலாற்று மாந்தர் மரச்சிற்பங்களாக நிற்கிறார்கள். தலையை உயர்த்திப் பார்த்தால், சதர்லண்ட் குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு பருவங்களின் உருவில் தீட்டப்பட்ட விதானம் தெரியும். பின்னால் வந்தவர்கள் எத்தனையோ மாற்றங்களைச் செய்தும், அந்த விதானத்தை அப்படியே விட்டுவைத்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

[காட்சி: நான்சி ஆஸ்டரின் ஓவியம்]

கூடத்தில் காணும் ஓவியத்தில் இருப்பவர் நான்சி ஆஸ்டர். 1906-இல் திருமணப் பரிசாக இந்த மாளிகை இவருக்கும், வில்லியம் ஆஸ்டரின் மகனான இவர் கணவருக்கும் கிடைத்தது. 1919-இல் பிரிட்டிஷ் மக்களவையில் அமர்ந்த முதல் பெண் உறுப்பினர் இவரே. பேரி கட்டிய வீட்டில் வாழ்ந்து, பேரி வடிவமைத்த அவையில் ஆண்களுக்கு நடுவே தனியொருவராக இவர் எழுந்து பேசினார் என்பதை அந்த ஓவியத்தின் முன் நிற்கும்போது நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

[காட்சி: பழைய புகைப்படங்கள்]

இத்தகைய வீடு எப்படி விடுதியானது? 1894-இல் வந்து, பிறகு படிப்படியாக உயர்ந்த வாரிசு வரியும், உலகப் போர்களுக்குப் பின் வேலையாட்கள் கிடைக்காமல் போனதும் இங்கிலாந்தின் பெரிய மாளிகைகளை நிலைகுலைய வைத்தன. நூற்றுக்கணக்கான மாளிகைகள் இடிக்கப்பட்டன. ஆஸ்டர் குடும்பம் 1942-இலேயே கிளிவ்டனை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு வழங்கிவிட்டு, தொடர்ந்து இங்கேயே வசித்தது. 1960-களில் குடும்பம் வெளியேறிய பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக மாணவர்கள் இங்கே படித்தார்கள். 1980-களில் இது விடுதியானது. இன்றும் உரிமை அறக்கட்டளையுடையது, விடுதி நடத்துபவர்கள் குத்தகைதாரர்கள். எனவே கட்டணம் அதிகம் என்றாலும், பழைய கட்டடமொன்று பயன்பாட்டில் இருந்துகொண்டே பிழைத்திருக்க அது உதவுகிறது.

[காட்சி: மதில் சூழ்ந்த நீச்சல்குளம்]

1961 ஜூலையில் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ, கிறிஸ்டின் கீலர் என்ற இளம் மாடலைச் சந்தித்த நீச்சல்குளம் இதுதான். அதன்பின் இருவருக்கும் ஏற்பட்ட காதல் உறவைப் பற்றி நாடாளுமன்றத்தில் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு அவர் 1963-இல் பதவி விலகினார்.

[காட்சி: தெற்குப் புல்வெளி, மாலை]

அறை பதிவு செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். பழைய மாளிகையில் அறைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெற்குப் பக்க அறை கிடைத்தால், முக்கோணப் பாத்திகள் வரிசையிட்ட பெரிய புல்வெளியும் அதற்கப்பால் தேம்ஸ் பள்ளத்தாக்கும் கண்ணெதிரே விரியும். பகலில் தோட்டம் பொதுமக்களுக்கும் திறந்திருக்கும் என்பதால், நெரிசலைத் தவிர்க்க விரும்புபவர்கள் அவர்கள் புறப்பட்ட பின் நடக்கப் போகலாம். தங்குவதற்கு வசதிப்படாதவர்கள் தோட்டத்துக்கு மட்டும் நேஷனல் டிரஸ்டில் சீட்டு வாங்கலாம். மாளிகையின் உள்ளே குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே அனுமதி உண்டு என்பதால், தேதியை முன்பே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.