பிஎஸ்5-ஆ, எக்ஸ்பாக்ஸா, ஸ்விட்ச் 2-ஆ? பிஜி வைஃபைல ஃபைட்டிங் கேம் ஆடுறவருக்கு ஒரு பதில்

அடுத்த கேள்வி. பெங்களூர் அல்சூர்ல பிஜில தங்கி வேலை பாக்குற நண்பர் கேட்டிருக்காரு: "டெக்கன் 8, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரெண்டும் ஆன்லைன்ல ரேங்க்டு (தரவரிசை மேட்ச்) ஆடணும். நல்லா ஆடுறவங்க எந்த கன்சோல்ல இருக்காங்க? பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஸ்விட்ச் 2, எதை வாங்கட்டும்?"

பிஎஸ்5 வாங்குங்க. ஆனா ஆளுங்க அங்கதான் இருக்காங்கன்னு இல்ல. இந்த ரெண்டு கேம்லயும் கிராஸ்ப்ளே இருக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2023 ஜூன்ல வந்தப்பவே, டெக்கன் 2024 ஜனவரில வந்தப்பவே, கன்சோல்காரங்களும் பிசிக்காரங்களும் ஒண்ணாதான் ஆடுறாங்க. அதனால எக்ஸ்பாக்ஸ் வாங்கினா தனியா உக்காந்திருக்கணுமோங்கற பயம் வேண்டாம்.

அப்புறம் ஏன் பிஎஸ்5? ஒண்ணு, கிராஸ்ப்ளேய செட்டிங்ஸ்ல ஆஃப் பண்ணிட்டு ஆடுறவங்களும் உண்டு. பிஎஸ்5-ல அப்படி ஆடுறவங்க, பிஎஸ்5 வச்சிருக்கற உங்களுக்குக் கிடைப்பாங்க, எக்ஸ்பாக்ஸ்காரருக்குக் கிடைக்க மாட்டாங்க. இன்னொண்ணு, மத்த ஃபைட்டிங் கேம். கிரான்ப்ளூ ஃபேன்டஸி வெர்சஸ் ரைசிங் எக்ஸ்பாக்ஸ்ல வரவே இல்ல. டிராகன் பால் ஃபைட்டர்ஸ்ல கிராஸ்ப்ளேயே கிடையாது, அங்க நீங்க வாங்குன பெட்டிதான் உங்க ஊரு. மூணாவது, ஸ்டிக், அதாவது நெம்புகோலும் பெரிய பட்டனும் வச்ச கன்ட்ரோலர். பழைய பிஎஸ்4 ஆர்கேட் ஸ்டிக் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா, இந்த ரெண்டு கேமும் பிஎஸ்5-ல அதை ஏத்துக்கும். எக்ஸ்பாக்ஸ்ல 2023 நவம்பர்லேர்ந்து லைசென்ஸ் இல்லாத கன்ட்ரோலரத் தடுத்துட்டாங்க.

ஸ்விட்ச் 2-ல ஸ்ட்ரீட் ஃபைட்டர் மட்டும்தான் இருக்கு, உங்க டெக்கன் இல்ல. அதோட நின்டெண்டோ இந்தியால நேரடியா விக்கறதில்ல, ரிப்பேர்னா அலையணும். விட்டுருங்க.

இனிமேதான் முக்கியமான விஷயம். மேட்ச் கிடைச்சதும் ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல எதிராளியோட சிக்னல் கோடு, பக்கத்துல வயரா வைஃபையான்னு ஒரு சின்னம் தெரியும் பாருங்க, அங்க உங்க வைஃபை சின்னத்தப் பாத்ததும் நல்லா ஆடுற பாதி பேர் வேண்டாம்னு தள்ளிட்டுப் போயிருவாங்க. எந்த கன்சோல்னு அவங்க பாக்கறதே இல்ல.

அது கர்வம் இல்ல. ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல டிரைவ் இம்பாக்ட்னு ஒரு பலமான அடி இருக்கு, வர்றதப் பாத்து பதிலடி குடுக்கணும், அதை எடுத்துக்கங்க. ஆரம்பிச்சு அடி விழ 26 ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம்னா, சுமார் 430 மில்லிசெகண்ட். கண்ணு பாத்து கை அழுத்த பதினஞ்சு ஃபிரேம் போயிரும். மிச்சம் பதினொண்ணு. வைஃபைல ஒரு பாக்கெட் (எதிராளி என்ன அழுத்தினான்னு சொல்ற தகவல் துண்டு) 25 மில்லிசெகண்ட்ல வரும், அடுத்தது 120-ல வரும். அது தாமதமானா, கேம்ல இருக்கற ரோல்பேக்ங்கற முறை எதிராளி முன்ன செஞ்சதையே தொடர்றான்னு ஊகிச்சுக் காட்டும். நெஜ பாக்கெட் வந்ததும், அடி ஏற்கனவே ஆறாவது ஃபிரேம்ல பாதில இருக்கற மாதிரி படம் குதிக்கும். மிச்சம் அஞ்சுதான். டிவில கேம் மோட் போடலைன்னா அதுவும் மூணு ஃபிரேமுக்கு மேல சாப்பிடும், அத மொதல்ல ஆன் பண்ணுங்க.

பிங், அதாவது தகவல் போய்வர ஆகற நேரம், கூடுதலா இருக்கறது இந்த அளவுக்குக் கெடுதல் இல்ல. சிங்கப்பூர்ல இருக்கறவரோட ஆடுறீங்கன்னு வைங்க. சென்னை கரைலேர்ந்து சிங்கப்பூருக்குக் கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைல ஒளி நொடிக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அப்ப போய்வரவே 32 மில்லிசெகண்ட். நம்ம ஊர்லேர்ந்து 45, 50 வந்தா நல்ல லைன். ஒரே அளவா நிக்கற 60-ல தாராளமா ஆடலாம், 30-க்கும் 110-க்கும் குதிக்கறதுலதான் ஆட முடியாது.

அதனால கன்சோல் வாங்கறதுக்கு முன்னாடி பிஜி ஓனர்கிட்ட பேசுங்க: "அண்ணா, காரிடார் ரவுட்டர்லேர்ந்து ஒரு வயர் இழுத்துக்கட்டுமா?" எஸ்.பி. ரோடுல கேட் 6 கேபிள் 15 மீட்டர் வாங்குங்க. சுத்தமான செம்புக் கம்பியான்னு கேளுங்க, அலுமினியத்துல செம்பு பூசினதும் விக்கறாங்க, மடக்குன இடத்துல ஒடிஞ்சிரும். கதவு இடுக்கு வழியா போகணும்னா தட்டைக் கேபிள்.

வயர் போட்டும் ஆள் சேரலைன்னா பிஎஸ்5-ல செட்டிங்ஸ், நெட்வொர்க், கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ், டெஸ்ட் இன்டர்நெட் கனெக்‌ஷன் போங்க. அங்க நேட் டைப்னு ஒண்ணு காட்டும், வெளிய இருக்கறவங்க உங்க கன்சோலோட எவ்வளவு எளிதா இணையலாம்னு சொல்றது. 2 வந்தா சரி. 3 வந்தா, ஆட்டக்காரங்க ரெண்டு பேர் நேரடியா இணையற இடத்துல வழி அடைச்சிருக்கு. மொதல்ல ரவுட்டர்ல யுபிஎன்பி (கேமுக்கு வேண்டிய வழியத் தானா திறக்கற வசதி) ஆன் பண்ணிப் பாருங்க. அப்பவும் 3-னா ரவுட்டரோட வேன் ஐபிய, அதாவது இன்டர்நெட் பக்கம் அதுக்குக் கிடைச்ச முகவரியப் பாருங்க. 100.64-லேர்ந்து 100.127-க்குள்ள ஆரம்பிச்சா, ஒரே வெளி ஐபிய உங்க இன்டர்நெட் கம்பெனி பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்கு, யுபிஎன்பி அங்க உதவாது. உங்களுக்குன்னே ஒரு ஸ்டாட்டிக் ஐபி கேளுங்க, தனியா காசு வாங்குவாங்க. பிஜி லைன்ல அத ஓனர்தான் கேக்க முடியும், அதனால வயருக்குப் பேசும்போதே இதையும் சேத்துக் கேட்டுருங்க. சோனியோட ஆன்லைன் சந்தா பிஎஸ் பிளஸ் எசென்ஷியலுக்கும் காசு ஒதுக்குங்க, அது இல்லாம இந்த ரெண்டு கேம்லயும் ரேங்க்டு திறக்காது.