கார் டயருக்கு எவ்வளவு காத்து அடிக்கணும்?

[டயரின் ஓரம், நெருக்கத்தில்]

இங்க பாருங்க, பொடி எழுத்துல அதிகபட்சம் 51 பி.எஸ்.ஐ.ன்னு பொறிச்சிருக்கு. பி.எஸ்.ஐ.ங்கிறது காத்தழுத்தத்தை அளக்கிற அலகு. இவ்வளவு காத்து அடிக்கணும்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. இல்லைங்க. இது அந்த டயருக்கான உச்ச வரம்பு. இதே டயர் வேற வேற எடையுள்ள கார்கள்லயும் ஓடும். உங்க காருக்கு எவ்வளவு வேணும்னு டயர்ல எழுதியிருக்காது.

[டிரைவர் கதவு திறக்கிறது]

அது இருக்கிறது கார்ல. டிரைவர் கதவைத் திறந்தா, கதவு வந்து மூடுற தூண்ல ஒரு ஸ்டிக்கர். சில கார்கள்ல பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம். முன் டயருக்கும் பின் டயருக்கும் அளவு வேற வேறயா இருக்கலாம். வண்டி நிறைய ஆளும் சாமானும் ஏத்தினா எவ்வளவுன்னும் பல கார்கள்ல போட்டிருப்பாங்க. 2.2 பார், 220 கிலோபாஸ்கல்னு இருந்தா குழம்ப வேண்டாம், அது ஏறக்குறைய 32 பி.எஸ்.ஐ.

[டயரில் கேஜ்]

இனிமேதான் முக்கியமான விஷயம். ஸ்டிக்கர்ல இருக்கிறது டயர் ஆறியிருக்கும்போது இருக்க வேண்டிய அளவு. வண்டி குறைஞ்சது 3 மணி நேரமாவது நின்னிருக்கணும். ஓடி வந்த டயர் சூடாகி, உள்ள இருக்கிற காத்தும் சூடாகி, அழுத்தம் 4 பி.எஸ்.ஐ. வரைக்கும்கூட ஏறியிருக்கும். 32 இருக்க வேண்டிய இடத்துல 36 காட்டுதேன்னு இறக்கி விட்டுட்டீங்கன்னா, காலைல 28தான் நிக்கும். தயவுசெஞ்சு சூடான டயர்ல காத்தை இறக்காதீங்க. காத்து கம்மியா இருக்கிற டயர் ஒவ்வொரு சுத்துக்கும் அதிகமா மடங்கி மடங்கி நிமிர்ந்து சூடாகும். அந்தச் சூட்டுலதான் வேகமா போகும்போது வெடிக்குது.

காத்து அடிக்கிற இடம் தூரமா இருந்தா? காத்தழுத்தம் அளக்கிற ஒரு கேஜ் வாங்கி வண்டியிலயே வச்சுக்கோங்க, ரொம்ப உதவும். கிளம்புறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க. 29 இருக்கு, 3 குறையுது. அங்க போய்ச் சேரும்போது சூட்டுல 32 காட்டும், சரியா இருக்குன்னு தோணும். ஆனா குறைஞ்ச அந்த 3-ஐ சேர்த்து 35 வைக்கணும். ஆறினதும் 32-க்கு வந்துடும்.

மாசம் ஒரு தடவை பார்த்தா போதும். நல்ல டயர்லயும் மாசத்துக்கு 1 பி.எஸ்.ஐ. போல தானா இறங்கும். குளிர் காலத்துல இன்னும் கவனம் வேணும். வெளி வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினாலே 1 பி.எஸ்.ஐ. குறையும்.

[டிக்கி திறக்கிறது]

ஸ்டெப்னியையும் பாருங்க. மத்த டயரை விட ஒல்லியா இருந்தா, அதுக்குப் பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. அந்த டயர்லயே எழுதியிருக்கும்.