ஹெபடைடிஸ் பி இருப்பவருக்குக் கொரோனா வந்தால், மாத்திரையை நிறுத்தலாமா?

அடுத்த கேள்வி தாராவியிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. அப்படியே படித்துவிடுகிறேன். “டாக்டர், என் வீட்டுக்காரருக்கு ஹெபடைடிஸ் பி. ஆறு வருடமாக டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் காய்ச்சல், இருமல் வந்து டெஸ்ட் எடுத்ததில் கொரோனா என்றார்கள். ஒரே நேரத்தில் இத்தனை மருந்து ஈரலுக்குத் தாங்காது, கொரோனா சரியாகும்வரை அந்த மாத்திரையை நிறுத்து என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நாலு நாளாக நிறுத்திவிட்டு, குள்வேல் கஷாயம் குடிக்கிறார். இது சரியா?”

அம்மா, மீதியை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். முதலில், இன்று ராத்திரியே அந்த மாத்திரையை மறுபடி போடச் சொல்லுங்கள். விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேர்த்துப் போடக் கூடாது, வழக்கம்போல ஒன்றே ஒன்று. அவரைப் பார்க்கும் டாக்டருக்கு போன் செய்து, நாலு நாள் நின்றுபோனதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், டெனோஃபோவிரும் சரி, என்டெகாவிரும் சரி, ஹெபடைடிஸ் பி வைரஸை அடியோடு அழிப்பதில்லை. ஈரல் செல்லுக்குள் வைரஸின் ஒரிஜினல் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மாத்திரை செய்வது ஜெராக்ஸ் மெஷினுக்குக் கரண்ட்டை நிறுத்தி வைப்பது மாதிரி. மாத்திரை நின்றால் சில வாரத்திலோ சில மாதத்திலோ நகல்கள் மறுபடி குவியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்த ஈரல் செல்களைத் தாக்க ஆரம்பிக்கும். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி ரத்தத்தில் ஏறும், காமாலை வரும், சிலருக்கு ஈரலே செயலிழந்துவிடும். உங்கள் வீட்டுக்காரர் விஷயத்தில் எனக்குக் கொரோனாவைவிட இதுதான் கவலை.

சரி, கொரோனா இவருக்கு மற்றவர்களைவிட அதிக ஆபத்தா? 2020 தொடக்கத்தில் எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது. போகப் போகத் தெரிந்தது இதுதான்: ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்து, சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நிலை, இல்லாமல் இருந்தால், அந்த ஈரல் நோய் ஒன்றினாலேயே ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை. வயது, சர்க்கரை, உடல் பருமன் இவைதான் அதிகம் கணக்கில் வருகின்றன. சிரோசிஸ் வந்துவிட்டால் கதை வேறு. வயிற்றில் நீர் கட்டியவர், ஒருமுறையாவது ரத்த வாந்தி எடுத்தவர், ஈரலால் நினைவு தடுமாறியவர், இவர்களுக்குக் கொரோனா உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்கள் வீட்டில் காத்திருக்கக் கூடாது. ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனின் கடைசி ரிப்போர்ட்டை எடுத்து, இவர் எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கொரோனாவின்போது எஸ்ஜிபிடி கொஞ்சம் ஏறுவது சாதாரணம். பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ஆனால் ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு ஏறினால் ‘கொரோனாதான்’ என்று விட்டுவிட முடியாது, ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று சொல்லும் வைரல் லோடும் பார்க்க வேண்டும். அதுவும் நம் மும்பை மழைக்காலத்தில் டெங்கு, மலேரியா, எலிக்காய்ச்சல், தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ எல்லாமே காய்ச்சலோடு ஈரலையும் பிடிக்கும். கண் மஞ்சளானால் அன்றைக்கே காட்டுங்கள்.

இன்னொன்று ஸ்டீராய்டு. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள், ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்களின் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை. இரண்டாம் அலையில் எத்தனை பேர் மெடிக்கலில் தாங்களே வாங்கிப் போட்டார்கள்! ஸ்டீராய்டும், கொரோனாவுக்குப் போடும் டோசிலிசுமாப் ஊசியும் எதிர்ப்புச் சக்தியை அடக்குவதால், தூங்கிக்கொண்டிருக்கும் ஹெபடைடிஸ் பி எழுந்துகொள்ளலாம். எப்போதோ வந்து போன ஹெபடைடிஸ் பி-யும் சில சமயம் திரும்பும்.

அந்த அலையில் ஹெபடைடிஸ் பி இருந்த ஒருவரை வேறொரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். வீட்டு மாத்திரை எதுவும் வேண்டாம் என்று வார்டில் எல்லாவற்றையும் நிறுத்தி, ஸ்டீராய்டு கொடுத்தார்கள். நுரையீரல் தேறி வீட்டுக்குப் போனார். இரண்டு மாதம் கழித்துக் கண்ணெல்லாம் மஞ்சளாக என்னிடம் வந்தார். டெனோஃபோவிரை மறுபடி தொடங்கி, மெல்ல மெல்லத்தான் மீண்டார். இன்றும் அவரை நினைத்தால் மனது கஷ்டப்படுகிறது. அதனால், அட்மிட் ஆக வேண்டி வந்தால் மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். ‘ஹெபடைடிஸ் பி, இந்த மாத்திரை தினமும்’ என்று கேஸ் பேப்பரில் எழுதச் சொல்லுங்கள். பாக்ஸ்லோவிட் போன்ற கொரோனா மருந்துகள் சில மாத்திரைகளோடு ஒத்துப்போகாது, முற்றிய சிரோசிஸில் கொடுக்கவும் மாட்டோம். அதற்கும் அந்த அட்டை உதவும்.

இப்போது கஷாயம். குள்வேல் என்று இங்கே மராத்தியில் சொல்வது நம் ஊர்ச் சீந்தில் கொடிதான். 2020 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நம் மும்பையிலேயே, அதைச் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை ஈரல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. பிறகு பல ஊர் மருத்துவமனைகள் சேர்ந்து இப்படிப் பாதிக்கப்பட்ட 43 பேரைப் பற்றி எழுதின. பாட்டி கொடுத்த மருந்தைக் குறை சொல்ல எனக்கு ஆசையில்லை. ஆனால் ஏற்கெனவே நோயுள்ள ஈரலுக்கு அது வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். சிரோசிஸ் இருந்தால் நாளுக்கு மொத்தம் 2 கிராமுக்குள், அதாவது 650 மில்லிகிராம் மாத்திரை மூன்றுக்கு மேல் போகக் கூடாது. சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். சிரோசிஸ் இருப்பவர் இபுப்ரொஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் பக்கம் போகவே கூடாது. கொரோனா தடுப்பூசி ஈரல் நோயாளிகள் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். கோவிஷீல்டோ கோவாக்சினோ, இரண்டிலும் உடம்புக்குள் பெருகும் வைரஸ் இல்லை.

கொரோனா தேறியதும் எஸ்ஜிபிடி, பிலிருபின் (காமாலை அளவு), வைரல் லோடு எப்போது எப்போது பார்க்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள், அந்த நாலு நாள் இடைவெளி என்ன செய்தது என்று தெரிய வேண்டும். அப்புறம் அம்மா, உங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே. நீங்களும் பிள்ளைகளும், ஹெபடைடிஸ் பி இருக்கிறதா என்று காட்டும் எச்பிஎஸ்ஏஜி ரத்தப் பரிசோதனை பார்த்தீர்களா? இல்லையென்றால் இந்த மாதமே பாருங்கள். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் திட்டத்தில் அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். நெகட்டிவ் வந்து, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடாமலிருந்தால், முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்றையும் முடித்துவிடுங்கள்.